விருப்பத்தைக் கேட்டு அறிய முடியுமா?

நுகர்வோரின் மனப்போக்கு மாறுவதைச் சந்தை ஆய்வு கேள்விகளால் பின்தொடர்கிறது. அந்தத் தொழில் மொத்தமும் பழைய தத்துவச் சிக்கல் ஒன்றின் மேல் நிற்கிறது: மனிதன் தன் விருப்பத்தைத் தானே அறிவானா? அறிவான் என்றால் கேட்டாலே போதும். அறியான் என்றால், அவன் தரும் பதில் எதற்குச் சான்று?

அமெரிக்க உளவியலாளர் மேசன் ஹேர் 1950இல் வெளியிட்ட சோதனை இந்தச் சிக்கலை நேராகத் தொட்டது. இன்ஸ்டன்ட் காபியை விரும்பாத பெண்களிடம் காரணம் கேட்டால் சுவை பிடிக்கவில்லை என்றார்கள். ஹேருக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை வரவில்லை. இரண்டு மளிகைப் பட்டியல்களைத் தயாரித்தார். இறைச்சி, ரொட்டி, கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் இரண்டிலும் ஒன்றே. ஒன்றில் மட்டும் நெஸ்கஃபே இன்ஸ்டன்ட் காபி; மற்றதில் மேக்ஸ்வெல் ஹவுஸ் காபித்தூள். பட்டியலுக்கு 50 பேராகப் பிரித்து, இதை எழுதிய பெண் எப்படிப்பட்டவள் என்று கேட்டார். நெஸ்கஃபே பட்டியலைப் பார்த்தவர்களில் 48 விழுக்காட்டினர் அவளைச் சோம்பேறி என்றனர். மற்ற பட்டியலுக்கு அப்படிச் சொன்னவர்கள் 4 விழுக்காடுதான். குறை காபியில் இல்லை, குடும்பப் பெண் எப்படி இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் இருந்தது. 1970இல் வேறு ஆய்வாளர்கள் இதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தச் சோம்பேறிப் பட்டம் ஏறக்குறைய மறைந்துபோயிருந்தது.

முதலில் சுவையைக் குறை சொன்னவர்கள் பொய் சொன்னார்கள் என்று கொள்ளத் தேவையில்லை. நிஸ்பெட், வில்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1977 கட்டுரையில் விவரிக்கும் சோதனையில், ஒரே மாதிரியான நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, தரமானதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். மற்ற எதையும்விட அதிகம் பேர் எடுத்தது வலக்கோடியில் இருந்ததை. காரணமாக ஒருவர்கூட இடத்தைச் சொல்லவில்லை. மனம் காரணத்தைக் கண்டு சொல்வதில்லை, பொருத்தமாகத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறது.

அப்படியானால் கருத்துக்கணிப்பு வீண்வேலையா? இல்லை. வருமானம் மட்டுமல்ல, எதிர்பார்ப்பும் செலவைத் தீர்மானிக்கிறது என்று கருதிய ஜார்ஜ் கடோனா, 1940களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நுகர்வோர் மனநிலை ஆய்வைத் தொடங்கினார். குடும்பத்தின் பண நிலை, நாட்டின் வணிகச் சூழல், பெரிய பொருள் வாங்க இது நல்ல காலமா என்பன போன்ற ஐந்து கேள்விகளிலிருந்து ஒரு குறியீட்டெண் கணக்கிடப்படுகிறது. 1966ஆம் ஆண்டு நிலை 100. அடுத்த ஐந்தாண்டில் நாட்டின் பொருளாதாரம் எப்படி இருக்கும் என்று சாதாரணக் குடும்பத்துக்கு எப்படித் தெரியும்? தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அதே கேள்வியை அதே சொற்களில் ஆண்டுதோறும் கேட்டால், ஒவ்வொரு பதிலும் பிசகாக இருந்தாலும் பதில்களில் வரும் மாற்றத்துக்குப் பொருள் உண்டு. மக்கள் எதை விரும்புகிறார்கள் என்பதைவிட, எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்பதைத்தான் சந்தை ஆய்வு நம்பகமாகச் சொல்கிறது. நிறுவனங்கள் பெரும்பாலும் முதலாவதற்கே பணம் கொடுக்கின்றன என்பது வேறு விஷயம்.

விருப்பம் முதலில் வாங்குபவருடையதுதானா என்ற கேள்வி இன்னும் ஆழமானது. உற்பத்தியாளர்களே தேவைகளை உண்டாக்கி, பிறகு அவற்றை நிறைவேற்றுகிறார்கள் என்று 1958இல் பொருளியலாளர் கால்பிரெய்த் வாதிட்டார். இலக்கிய ரசனைகூடப் பிறரிடமிருந்து வருவதுதான், அதனால் அது பெறுமதியற்றதாகிவிடாது என்று 1961இல் இன்னொரு பொருளியலாளர் ஹாயெக் மறுத்தார். மறுப்பில் வலு இருக்கிறது. ஆனால் கார், கணினி வாங்கும் எண்ணம் பற்றி அமெரிக்காவில் 40,000க்கும் மேற்பட்ட குடும்பங்களின் தரவுகளை ஆராய்ந்து 1993இல் வெளியான ஆய்வு, வாங்கும் எண்ணம் உண்டா என்று கேட்கப்பட்டதாலேயே வாங்கியவர்களின் விகிதம் கூடியது என்று கண்டது. அளப்பவரே அளக்கப்படுவதை நகர்த்திவிடுகிற இந்த இடத்தில், கால்பிரெய்த் பக்கமே சாய வேண்டியிருக்கிறது.