தொண்டனின் மகிழ்ச்சி

பிறர்க்கு உதவும்போது ஒருவன் அடையும் மகிழ்ச்சி அறத்தைச் சேர்ந்ததா, அன்றித் தன்னலத்தின் நாகரிகமான வேறொரு வடிவமா? இவ்வினா பழையது. எனினும் நமது கிழக்குக் கரையில் அது புதியதோர் உருவில் நம்முன் வந்து நிற்கின்றது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல்கோள் நிகழ்ந்த பின்னர், திருகோணமலைக் கரையோரத்துக்கு உலகின் பல பாகங்களிலிருந்தும் தொண்டர்கள் வந்தனர். இத்தகைய தொண்டர்கள் தம் வீட்டாருக்கு எழுதும் கடிதங்களில் ஒரு பொது அமைப்பைக் காணலாம். திங்களன்று பாடசாலையில் ஆங்கிலப் பாடம். செவ்வாயன்று சுவருக்கு வெள்ளையடிப்பு. புதனன்று பிள்ளைகளுடன் பந்தாட்டம். வெள்ளியன்று யாரோ ஓர் ஏழை வீட்டில் விருந்து. ஒரு நாழிகையும் ஓய்வில்லை, ஆயினும் வாழ்வில் இத்தனை மகிழ்ச்சியைக் கண்டதில்லை என்று கடிதம் முடியும்.

இதனை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் நியாயமன்று. தொண்டு செய்பவன் முகம் வாடியிருத்தல் வேண்டும் என்ற எண்ணம் துறவிகள் நமக்கு விட்டுச் சென்றது. வள்ளுவரோ ஈகையைப் பேசும் அதிகாரத்திலேயே கொடுப்பவனின் இன்பத்தையும் சேர்த்துப் பேசினார். மேலும், அந்த இளைஞனின் மகிழ்ச்சி பொய்யன்று. தன் நாட்டில் ஏதோவோர் அலுவலகத்தில் அவன் ஆண்டுக்கணக்காக உழைத்தான். உழைப்பின் பயன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அவன் அறியான். இங்கே காலையில் தூரிகையை எடுத்தான், மாலையில் சுவர் வெண்மையாயிற்று, பிள்ளைகள் கைகொட்டினர். உழைப்பையும் பயனையும் ஒருசேரக் கண்ட மனிதனின் மகிழ்ச்சி அது. அக்கடிதம் உண்மையில் அவனுடைய சமுதாயத்தின்மீது எழுதப்பட்ட குற்றப்பத்திரிகை எனலாம்.

அங்ஙனமாயின், அதே சுவரை அன்றாடக் கூலிக்கு எழுப்பிய கொத்தனுக்கு அம்மகிழ்ச்சி ஏன் கிட்டவில்லை? உழைப்பு ஒன்றே. வேற்றுமை எங்கே? தொண்டன் அவ்வுழைப்பைத் தானே தேர்ந்துகொண்டான். வேண்டாத நாளில் விட்டுப் போகவும் அவனால் முடியும். அவனுடைய சட்டைப்பையில் திரும்பிச் செல்லும் பயணச்சீட்டு இருக்கின்றது. மகிழ்ச்சியின் வேர் உழைப்பில் மட்டுமன்றி, அந்தச் சீட்டிலும் இருக்கின்றது.

திரியாயை எடுத்துக்கொள்வோம். திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டை செல்லும் வீதியை அடுத்துள்ள வயலூர் அது. ஊரருகே குன்றின்மேல் ஒரு பழைய பௌத்த தூபி. கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிக் கல்வெட்டு, அத்தலத்தோடு தொடர்புடைய வணிகர்களைப் பற்றிக் கூறுகின்றது; கல் சுமந்தோரைப் பற்றி அது பேசவில்லை. இவ்வூர் மக்களின் வீடுகள் 1985இல் எரிக்கப்பட்டன. அவர்கள் ஆண்டுக்கணக்காக அகதிகளாய் வாழ்ந்து, 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னரே படிப்படியாக மீண்டனர். போர் 2009இல் முடிந்தது. காணிப் பிரச்சினை முடியவில்லை. தொல்பொருளின் பெயராலும் வனத்தின் பெயராலும் தம் வயல்களுக்கு எல்லையிடப்படுவதாக ஊர்மக்கள் முறையிட்டு வருகின்றனர். கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென 2020இல் சனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது அவர்களது அச்சம் மேலும் வளர்ந்தது.

இத்தகைய ஊரில் 'என் வீடு' என்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதக் கற்பிப்பது நல்ல செயலே. ஆயின் அந்த வீட்டுக்கு உறுதிப் பத்திரம் உண்டா, வயலில் அடுத்த போகம் விதைக்க விடுவார்களா என்று கேட்க, மகிழ்ச்சியான அந்த வாரத்தில் எந்த நாள் ஒதுக்கப்பட்டது? கேட்டால் வாரத்தின் மகிழ்ச்சி குலையும், விசாவும் குலையக்கூடும்.

1968 ஏப்ரலில், மெக்சிகோவுக்குத் தொண்டு செய்யப் புறப்பட்ட அமெரிக்க மாணவரை நோக்கி இவான் இல்லிச் என்னும் சிந்தனையாளர், நல்லெண்ணம் மட்டும் போதாது. பார்க்க வாருங்கள், கற்க வாருங்கள், உதவ வராதீர்கள் என்ற கருத்துப்பட உரையாற்றினார். உரையில் உண்மை உண்டு. ஆயினும் அதனை முற்றாக ஏற்க நம்மால் இயலவில்லை. ஏற்றால், துவாரகாநாத் கோட்னிஸை எங்கே வைப்பது?

சோலாப்பூரில் பிறந்த அந்த மருத்துவர், 1938இல் இந்திய தேசிய காங்கிரஸ் சீனத்துக்கு அனுப்பிய ஐவர் கொண்ட மருத்துவக் குழுவில் ஒருவர். மற்றையோர் தாயகம் திரும்பினர், அவர் திரும்பவில்லை. சீன மொழியைக் கற்றார். ஜப்பானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த படையினருக்குச் சிகிச்சை அளித்தார். சீனத் தாதி ஒருவரை மணந்தார். 1942 டிசம்பர் 9ஆம் திகதி, முப்பத்திரண்டாம் வயதில், அம்மண்ணிலேயே மாண்டார். அவர் மகிழ்ச்சியற்றவராக இருந்தார் என்று யார் சொல்வார்? ஆனால் அவர் அடிமை நாட்டிலிருந்து, அடிமையாக்கப்பட்டுக்கொண்டிருந்த நாட்டுக்குச் சென்றார். கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் எதிரி ஒருவனே, போராட்டமும் ஒன்றே. பயணச்சீட்டை அவர் தாமே கிழித்தெறிந்தார்.

எல்லோரும் கோட்னிஸ் ஆக முடியாது. ஆகவேண்டும் என்பதும் நம் வாதமன்று. ஒரு வாரமே தங்குபவனையும் நாம் அளக்கக்கூடிய அளவுகோல் உண்டு. வேலையைத் தேர்ந்தவர் யார், ஊராரா அவனா? அவன் பிழைசெய்தால் யாருக்குப் பதில் சொல்வான்? அவன் போனபின் எஞ்சுவது என்ன? இம்மூன்றுக்கும் தக்க விடை இருந்தால் அவன் மகிழ்வதில் தவறேதுமில்லை. வள்ளுவர் ஈகைக்கு முன்னதாக ஒப்புரவுக்குத் தனி அதிகாரம் வகுத்தது சிந்திக்கத்தக்கது. ஈகை கையின் செயல்; ஒப்புரவு ஊரோடு கொள்ளும் உறவு.

இவ்வளவுகோல் வெள்ளைத்தோல் கொண்டவர்க்கு மட்டும் உரியதன்று. 1958இல் கொழும்பு நாலந்தா பாடசாலை ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன தம் மாணவரைச் சாதியால் ஒதுக்கப்பட்ட கனத்தொளுவ என்ற கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். அந்நாள் தொட்டுச் சிரமதானம் நம் பாடசாலைகளுக்கும் பழக்கமான சொல். கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஒரு வார முகாமுக்குத் திரியாய் செல்லும் ஆசிரியரும் மாணவரும் அவ்வூரின் வயலுக்கும் குளத்துக்கும் வெளிநாட்டவரே. மொழி ஒன்றாயிருப்பதால் வர்க்கம் ஒன்றாகிவிடாது.

இறுதியாக ஒன்று. நம் கிழக்கு மாகாணக் கிராமங்களிலிருந்தும் பெண்கள் வெளிநாடு செல்கின்றனர். அரபு நாடுகளில் வீட்டுவேலை செய்கின்றனர்; அங்கும் ஓய்வில்லாத வாரங்களே. அவர்கள் எழுதும் கடிதங்களில் மகிழ்ச்சியைத் தேடினால் நமக்குக் கிட்டுவது வேறொன்று: அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததா என்ற வினா. ஒரே பூமியில் ஒருத்தி பிழைப்புக்காகக் கடல் கடக்கிறாள். ஒருவன் மனநிறைவுக்காகக் கடல் கடக்கிறான். இவ்வேற்றுமையைத் தொண்டனின் நல்ல மனம் உண்டாக்கவில்லை. அந்நல்ல மனத்தால் மட்டும் அது நீங்கப்போவதும் இல்லை. திரியாய் மகள் ஒருத்தியும் தன் விருப்பால் தொலைநாடு ஒன்றுக்குத் தொண்டு செய்யப் புறப்பட்டு, தான் மகிழ்ந்திருப்பதாகத் தாய்க்கு எழுதக்கூடிய ஓர் உலகத்துக்கு இன்றைய தொண்டனின் ஒரு வாரம் எவ்வளவு உதவிற்று என்பதையே நாம் அவனிடம் கேட்க வேண்டும். நம்மிடமும் கேட்க வேண்டும்.