மலைக்கோட்டையிலிருந்து ஒரு கணக்கு

திருச்சி மலைக்கோட்டை உச்சியில் வடக்கு பார்த்து நில்லுங்கள். காவிரிக்கு அப்பால், சற்றே இடப்பக்கம் 1987-இல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரம், அது ஸ்ரீரங்கம். சற்றே வலப்பக்கம் திருவானைக்காவல். ரங்கத்துக்கு நீட்டிய விரலை 'அ' என்போம், ஆனைக்காவுக்கு நீட்டியதை 'ஆ' என்போம். இந்த இரண்டு வெக்டர் போதும்.

ரங்கத்திலிருந்து ஆனைக்கா போக மூன்றாவது எழுத்து எதற்கு? அ-வைத் திருப்பிப் போட்டு மலைக்கு வாருங்கள், பிறகு ஆ வழியே போங்கள்: ஆ − அ. (நடந்து பார்க்காதீர்கள், காவிரியை இருமுறை கடக்க வேண்டும்!) இரு கோயில்களுக்கும் நட்டநடுப் புள்ளி வேண்டுமா? இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள்.

பிளஸ் ஒன் பிள்ளைகள் சறுக்குவது கழித்தலின் வரிசையில்தான். அ − ஆ என்று எழுதினால் ஆனைக்காவிலிருந்து ரங்கம் வந்து சேர்வீர்கள்.