புலமைப்பரிசில் கொடையா, கடனா?

பண்டைப் புரவலன் ஈந்த பரிசிலுக்குப் புலவனின் பாடலே கைம்மாறாயிற்று; அத்துடன் கணக்கு முடிந்தது. இன்றைய புலமைப்பரிசிலோ பெற்றவர் தோளில் முடிவுறாத கணக்கொன்றை ஏற்றிவிடுகின்றது. அக்கரப்பத்தனையின் லயமொன்றிலிருந்து சட்டம் பயிலக் கொழும்பு செல்லும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். புதுக்கடைச் சட்டக் கல்லூரி கட்டணம் அறவிடுவது. பல்கலைக்கழகச் சட்டபீடத்திற் கல்வி இலவசமெனினும் கொழும்பில் உண்டியும் உறையுளும் இலவசமல்ல. எவரேனும் உதவியே ஆகவேண்டும். உதவியபின், "திரும்பி வந்து எங்களுக்காக வழக்காடு" என்று ஊர் எதிர்பார்க்கின்றது. கொழும்புச் செல்வர் வீட்டுப் பிள்ளையிடம் இவ்வாறு எவரும் கேட்பதில்லை. அங்ஙனமாயின் ஏழை மாணவியிடம் மட்டும் கேட்பது அறமாகுமா?

இவ்வினாவின் கூர்மையை அம்பேத்கரின் வாழ்வு காட்டுகின்றது. 1913இல் பரோடா மன்னரின் உதவிப்பணம் பெற்றே அவர் அமெரிக்காவிற் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். கல்வி முடிந்தபின் பத்தாண்டுகள் பரோடாவிற் பணிபுரிவதென்பது நிபந்தனை. வாக்குத் தவறாது 1917இல் அங்கு சென்றார். ஆனால் தீண்டாமை அவருக்குத் தங்க இடந்தரவில்லை. பார்சி விடுதியிலிருந்தும் துரத்தப்பட்டு, பணியைக் கைவிட்டு வெளியேறினார். ஒப்பந்தத்தின் எழுத்துப்படி கடனாளி அவரே. எனினும், கற்றவனை அழைத்துவிட்டுத் தலைசாய்க்க இடமளியாத ஊருக்கு அக்கடனைக் கேட்கும் உரிமை எஞ்சியிருந்ததா? பின்னர் இலண்டனில் பாரிஸ்டராகி, இந்திய அரசியலமைப்பின் வரைவுக் குழுவிற்குத் தலைமை தாங்கினார்; தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் உறுப்புரை அவ்வரசியலமைப்பில் இடம்பெற்றது. பரோடாவிற்குச் செலுத்தப்படாத கடன் பரோடாவினும் பெரியதோர் இடத்தில் செலுத்தப்பட்டது எனலாம்.

மலையகத்தைப் பொறுத்தவரை கொடை என்னும் சொல்லே ஐயத்திற்குரியது. இலங்கையின் இலவசக் கல்வி 1945இல் தொடங்கியது. அதற்குச் செலவான அரச வருவாயில் தேயிலையின் பங்கு பெரிது; ஆயினும் தேயிலை பறித்தோரின் பிள்ளைகள் பயின்ற தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது பெரும்பாலும் 1970களிலேயே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. கோடாக்கன் பிள்ளை வழக்கு 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்று தோற்றது. எஞ்சியோருக்கு உரிமை வழங்கிய 35ஆம் இலக்கச் சட்டம் 2003இலேதான் வந்தது. பறித்ததும் சட்டம், ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின் மீட்டுக் கொடுத்ததும் சட்டம். இத்தகைய மக்களின் மகள் சட்டம் பயிலப் பொதுப்பணத்திலிருந்து தரப்படுவது கொடையன்று; நிலுவையில் ஒரு சிறு பகுதி.

அவ்வாறாயின் அவள் யாருக்கும் கடன்படவில்லையா? அவ்வளவு எளிதாக முடித்துவிட முடியாது. நிலுவை லயம் முழுவதற்கும் உரியது. அவள் பெற்றது பலருடைய பங்கு. ஆதலால் அவளது கடன் கொடுத்தவரிடத்தன்று, பெறாதவரிடத்தே. ஆயினும் அக்கடனைக் காட்டி அவள் வாழுமிடத்தையும் தொழிலையும் ஊர் வகுக்கத் தலைப்படுமாயின், அது பழைய துண்டு முறையின் மறுபிறப்பே. தொழிலாளியின் கடனைத் துண்டில் எழுதி, அதைத் தீர்த்தாலன்றித் தோட்டம் மாறவிடாத அம்முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அன்பின் பெயரால் அதனை மீட்டெடுக்க வேண்டியதில்லை.

பரிசு என்றதும் சட்ட மாணவர்க்கான கட்டுரைப் போட்டிகளும் நினைவுக்கு வரும். இங்கு இடர் வேறு. மலையக மாணவி எழுதினால் லயத்தின் துயரத்தையே எழுதுவாள் என நடுவரும் எதிர்பார்ப்பர். எழுதினாற் பரிசும் கிட்டக்கூடும். பெற்றோரின் வறுமையைப் புள்ளிக்கு மாற்றுவதா என்று அவள் தயங்குவது நாணத்தாலன்று, நேர்மையாலேயே. ஆனால் எழுதாது விடுவதும் விடையாகாது. தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த லயத்து அறைக்குக் காணி உறுதி இல்லாமையைச் சட்டத்தின் மொழியில், கண்ணீரின் துணையின்றி, அவள் வாதிக்கலாம். அக்கட்டுரைக்கு முதற்பரிசு கிடையாமற் போகலாம். அதனை வாசிக்கும் நடுவர் மறுமொழி ஒன்றைத் தேடவேண்டியிருக்கும்.