சந்தனையின் இளமை



பகவான் மகாவீரரின் சமவசரணத்தில் கணதரர் 11 பேர் இருந்தனர் என்பதை நம் இல்லத்துச் சிறுவர்களும் அறிவர். ஆனால் அங்கே 36,000 ஆர்யாங்கனைகளுக்குத் தலைவியாய் விளங்கியவர் யார் என வினவினால், நம்மில் பலர் சற்றே தயங்குகின்றோம். அவரே சந்தனை. குணபத்திராசாரியரின் உத்தரபுராணம் கூறும் அவரது இளமை வரலாற்றைச் சிறிது சிந்திப்போம்.

வைசாலி மன்னன் சேடகனுக்கு மகளிர் எழுவர். மூத்தவளான பிரியகாரிணியே பகவானை ஈன்ற தாய். எழுவருள் இளையவள் சந்தனை. ஆகவே உறவு முறையில் அவள் பகவானுக்குச் சிற்றன்னை ஆவாள். ஜினபக்தியிற் சிறந்த தந்தையின் அரண்மனையில், குறையென்பதே அறியாது அவள் வளர்ந்தாள்.

ஒருநாள் சோலையில் விளையாடிக்கொண்டிருந்த அவளை வித்தியாதரன் ஒருவன் கவர்ந்து சென்றான். பின்னர்த் தன் மனைவிக்கு அஞ்சி நடுக்காட்டில் விட்டகன்றான். வேடர் கையகப்பட்ட அவள், இறுதியில் கோசாம்பி நகரத்து வணிகன் ஒருவனது மனை சேர்ந்தாள். வணிகன் அவளை மகளென எண்ணிக் காத்தான். அவன் மனைவி சுபத்திரையோ அவளது எழிலைக் கண்டு ஐயுற்றாள். உண்மையை ஆராயாமலே அவளுக்குத் தளையிட்டாள். மண்கலத்தில் வரகுச் சோறும் காடியும் அளித்தாள். அந்நகரின் அரசியோ சந்தனையின் உடன்பிறந்த தமக்கை மிருகாவதி! தமக்கை அரியணையில் வீற்றிருந்த ஊரிலேயே தங்கை தளையுண்டு கிடந்தாள்.

அந்நாளில் பகவான் சரியைக்கு எழுந்தருளினார். சந்தனை எதிர்கொள்ள எழுந்தாள். தளை அறுந்தது, மண்கலம் பொற்கலமாயிற்று, வரகு செந்நெற் சோறாயிற்று. அவள் விதிப்படி ஆகார தானம் அளித்தாள். செய்தியறிந்து விரைந்து வந்த மிருகாவதி தங்கையைத் தழுவிக்கொண்டாள். பிழை பொறுக்க வேண்டிய சுபத்திரையைச் சந்தனை பொறுத்தருளினாள். பின்னர்த் துறவு பூண்டு, பகவானின் சங்கத்தில் தலைமையும் எய்தினாள்.

அன்பர்களே! தளையுண்டு கிடந்த நாளில் அம்மங்கையிடம் எஞ்சியிருந்தது எது? அணிகலன் இல்லை, குலப்பெருமையும் உதவவில்லை. இளமையில் உள்ளத்தில் ஊன்றிய அறம் ஒன்றே எஞ்சியிருந்தது. நாம் நம் பெண்மக்களுக்குப் பொன் சேர்க்கின்றோம். அவர்களை அருகிருத்திச் சாமாயிகம் பயிற்றுகின்றோமா? பிறர் கவர இயலாத செல்வத்தையன்றோ முதலில் அளித்தல் வேண்டும்?

மற்றொன்றும் சிந்திக்கத் தக்கது. சுபத்திரையும் செல்வக் குடியில் வாழ்ந்தவளே. ஆராயாத ஐயம் அவளைக் கொடுமை செய்யத் தூண்டியது. நம் இல்லத்தில் பணிபுரியும் ஏழைச் சிறுமியை நாம் எவ்வாறு நடத்துகின்றோம்? காணாமற்போன பொருளுக்கு அவளையன்றோ முதலில் ஐயுறுகின்றோம்? பழவினைப் பயன் என்று நம் துன்பத்தை நாம் ஏற்பது பொறுமை. பிறர் துன்பத்தைக் கண்டு அவ்வாறே கூறி வாளா இருப்பது வன்னெஞ்சம். நீரை வடித்து உண்ணும் நாம், ஒரு சிறுமியின் கண்ணீரைக் காணாதிருத்தல் தகுமோ?

சந்தனை தலைமை தாங்கிய பெண்துறவு நெறி, கழுகுமலைக் கல்வெட்டுகளில் காணும் குரத்தியர் வாயிலாக நம் தமிழ் மண்ணிலும் தழைத்தது. அந்நெறியின் தொடக்கத்தில் நிற்பது மண்கலம் ஏந்திய ஓர் இளமங்கை என்பதை மறவாதிருப்போம்.

அறம் வெல்க!