மிச்ச இரத்தம்

சென் ஜேம்ஸ் ரவுணின் மாடிகளில் முதல் குளிர்காலங்களைக் கழித்த நாங்கள் ஷேர்போர்ன் வீதியால் எத்தனையோ தடவை நடந்திருக்கிறோம். அந்த வீதியின் 500 ஆம் இலக்கத்தில்தான் 1995 வரை பிரின்ஸஸ் மார்கிரட் வைத்தியசாலை இருந்தது. 1984 இல் அங்கு டக் மாக்கின் குழு, ரி அணுக்கள் எதிரியை அடையாளம் காணும் ஏற்பியின் மரபணுவைப் பிரித்தெடுத்தது. கோப்பை கழுவ ஓடிய அவசரத்தில் இதெல்லாம் எங்களுக்கு எங்கே தெரியும்!

அந்த மரபணு கிடைத்தது மோல்ற்-3 என்ற அணுவரிசையில். 1970களின் தொடக்கத்தில், இரத்தப் புற்றுநோய் வந்த பத்தொன்பது வயது இளைஞன் ஒருவனிடமிருந்து எடுத்து வளர்க்கப்பட்டது அது. அணுக்களுக்குப் பெயர் இருக்கிறது. அவனை வயதைச் சொல்லியே குறிப்பிடுகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் கட்டடத்து அக்கா ஒருவருக்கும் அந்த நோய் வந்தது. மொழிபெயர்க்க நாங்கள் கூடப் போனோம். பரிசோதனை போக மிஞ்சும் இரத்தத்தை ஆய்வுக்குத் தர முடியுமா என்று தாதி ஒரு படிவத்தை நீட்டினார். அக்கா உடனே பேனாவை எடுத்தா. வாசித்துச் சொல்கிறோம், பொறுங்கோ என்றோம்.

"என்னத்தை வாசிக்கிறது? வைக்காட்டி மருந்து தரமாட்டினம்."

மறுத்தாலும் சிகிச்சை நிற்காது என்று அதிலேயே எழுதியிருக்கிறது என்றோம். அக்கா நம்பவில்லை. "என்ர மூத்தவனிட்டையும் சிங்களத்திலை எழுதின கடதாசியிலைதான் ஒப்பம் வாங்கினவங்கள்."

எங்களுக்கு வாயடைத்துப் போனது.

நலமான ஒருவரின் அணுக்களில் ஆராய்ந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. சில இரத்தப் புற்றுநோய்களில் நோயாளியின் ரி அணுக்கள் களைத்துப்போய்விடுகின்றன. நலமானவரின் அணுக்களில் வேலை செய்கிற மருந்து அவற்றிடம் தோற்கலாம். ஆகவே நோயாளியின் இரத்தமே வேண்டும். ஆனால் நோயாளிதான் 'இல்லை' என்று சொல்ல ஆகக் குறைந்த பலம் உள்ளவர்.

கலிபோர்னியாவில் ஜோன் மூரின் கதை இதற்கு ஓர் உதாரணம். 1976 இல் இரத்தப் புற்றுநோய்க்காக அவருடைய மண்ணீரல் அகற்றப்பட்டது. அதன் ரி அணுக்களிலிருந்து, அவருக்குச் சொல்லாமலே, ஓர் அணுவரிசை வளர்க்கப்பட்டு 1984 இல் காப்புரிமையும் பெறப்பட்டது. 1990 இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், அணுக்கள் மூரின் சொத்தல்ல, ஆனால் வைத்தியர் தன் ஆதாயத்தை முன்பே சொல்லியிருக்கவேண்டும் என்றது. பாதி நியாயம் என்றே எங்களுக்குப் படுகிறது. சொத்து என்ற சொல்லே இதற்குப் பொருந்தாது. வீட்டையும் காணியையும் விட்டுவந்தவர்களுக்கு உடம்பு சொத்தல்ல, மிஞ்சியது.

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று தாதியிடம் கேட்டோம். தாராளமாக என்றார். அக்காவின் முகத்தில் முதல்தடவையாக ஒரு சந்தேகம் தெளிந்தது. அன்றிரவு பதினோராம் மாடியில், அக்காவின் மகள் வரிவரியாகத் தமிழில் சொல்ல, நாங்கள் திருத்த, இரண்டு மணித்தியாலம் போனது. 'ஆய்வு' என்பதை மூன்று விதமாகச் சொல்லவேண்டியிருந்தது.

"அப்ப எனக்கு இதாலை சுகம் வராது?"

வராது என்றோம். அதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது.

அடுத்த கிழமை அக்கா ஒப்பம் வைத்தா, தமிழில். கீழே ஆங்கிலத்தில் பெயரை எழுதச் சொன்னார்கள். அதை நாங்கள் எழுதினோம்.