நடைவழி விளக்கு

எங்கள் வீட்டில் அடுக்களைக்கும் புறவாசல் குளிமுறிக்கும் நடுவே ஒரு நடைவழி உண்டு. பன்னிரண்டு எட்டு நீளம், ஜன்னல் கிடையாது. அங்கே எரிந்துகொண்டிருந்த 9 வாட் எல்.இ.டி. பல்பு போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை அணைந்தது. நூறு ரூபாய்ச் சாமான். அம்மாவுக்கு வயது 81. ராத்திரியில் இரண்டு தடவையாவது அந்த வழியே போய்வருவாள்.

“சவத்தத் தூரப் போட்டுட்டுப் புதுசு ஒண்ணு வாங்கிட்டு வா மக்கா” என்றாள்.

நான் வாங்கவில்லை. சரிசெய்தே தீருவது என்று முடிவெடுத்துவிட்டேன். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கு ஒரு சொற்பொழிவே ஆற்றியிருப்பேன்.

பல்பின் பால்நிற மூடியைக் கத்திமுனையால் நெம்பினால் உள்ளே வட்டமாக ஒரு அலுமினியத் தகடு. அதன்மேல் உளுந்தம்பருப்பு அளவில் மஞ்சள் சில்லுகள். இதில் பன்னிரண்டு இருந்தன. எல்லாம் ஒரே சரத்தில் கோத்தவை. ஒன்று கருகினால் மின்சாரம் அங்கேயே நின்றுபோகும். மற்ற பதினொன்றும் நல்லபடியாக இருந்தும் எரியாது. கருகியதன் நெற்றியில் மட்டும் ஒரு கரும்புள்ளி. ஒன்று கெட்டதற்காகப் பதினொன்றைக் குப்பையில் போடுவது அநியாயமாகப் பட்டது. யாருக்கு அநியாயம் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். தகட்டுக்கு வலிக்காது. ஆனாலும் பட்டது.

கோபத்துக்குச் சரித்திரமும் கைவசம் இருந்தது. 1924இல் ஜெனீவாவில் பெரிய பல்பு கம்பெனிகள் கூடி ‘ஃபீபஸ்’ என்று ஒரு கூட்டணி அமைத்தன. பல்பு 1000 மணிநேரத்துக்குமேல் எரியக்கூடாது என்று வரம்பு வைத்து, மீறிய தொழிற்சாலைக்கு அபராதமும் போட்டன. இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விட்ட பாதியும் உண்டு. 1951இல் பிரிட்டனின் ஏகபோக விசாரணைக்குழு இதை ஆராய்ந்தபோது, இழை பல்பில் ஆயுளைக் கூட்டினால் அதே மின்சாரத்துக்கு வெளிச்சம் குறையும், 1000 மணி என்பது ஒரு நடுவாந்தரக் கணக்குதான் என்றது. கலிஃபோர்னியாவின் லிவர்மோரில் 1901 முதல் எரிந்துவரும் பல்பு தருவது இன்று விடிவிளக்கு வெளிச்சம்தான். எல்.இ.டி.க்கு அந்தச் சமாதானம் செல்லாது. சில்லைக் கொல்வது சூடு. கொஞ்சம் சில்லுகளில் நிறைய மின்சாரத்தை ஏற்றினால் பல்பு மலிவாகும், சீக்கிரம் சாகும். சில்லுகளைக் கூட்டி மின்சாரத்தைக் குறைத்தால் நெடுநாள் எரியும். பிலிப்ஸ் கம்பெனி 2016இல் துபாய் நகராட்சிக்கென்று அப்படித்தான் ஒரு விளக்கு செய்தது. நமக்கு மலிவுதான் வந்து சேர்ந்தது. அதையும் ஒரேயடியாகத் திட்ட முடியாது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்குமேல் எல்.இ.டி. பல்புகள் வீடுகளுக்குப் போயின. முந்நூறு ரூபாய்க்குக் குறையாமல் விற்ற சாமான் நூறுக்குக் கீழே இறங்கியதால்தான் அது நடந்தது.

திங்கள்கிழமை நாகர்கோவிலில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் தகட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கா வந்தீங்க சாரே? கருகினதச் சொரண்டி எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு சொட்டு ஈயத்த வச்சு ரெண்டு பக்கத்தையும் சேத்து விடுங்க. பதினொண்ணு எரியும்” என்றார்.

எனக்கு அது ஏமாற்றுவேலை போலிருந்தது. செத்ததைச் செத்ததாக ஒத்துக்கொள்ளாமல் அதன் தலைமேல் பாலம் கட்டுகிற மாதிரி. உண்மையில் என் பல்பில் இருந்த டிரைவர் மின்சாரத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் வகை. மற்ற பதினொன்றுக்கும் கூடுதல் சுமை ஒன்றும் வந்திருக்காது. கொள்கைக்காரனுக்கு அதெல்லாம் காதில் ஏறுமா? புதுச் சில்லுகள்தான் வேண்டும் என்று வாங்கிவந்தேன். அலுமினியத் தகடு சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் வெறும் சால்டரிங் அயர்னுக்கு அது அசையாது. தேய்ப்புப்பெட்டியைக் கவிழ்த்துவைத்து, அதன்மேல் தகட்டை வைத்து இளக்கினேன். செவ்வாய் ராத்திரி பல்பு எரிந்தது. விடிவதற்குள் புதுச் சில்லு கருகிவிட்டது. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் 3 வோல்ட், 9 வோல்ட் என்று ரகங்கள் உண்டு. நான் வாங்கியது தாங்காத ரகம்.

புதன் ராத்திரி நடைவழியில் சத்தம் கேட்டது. ஓடிப்போய் டார்ச் அடித்தால் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். வாளியில் கால் இடித்திருக்கிறது. விழவில்லை, சுவரைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்திருக்கிறாள். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்திருந்தது.

“ஒண்ணுமில்ல, நீ உறங்கு. ஒக்கிப் புயலுக்குக் கரண்டு இல்லாம எத்தன நாளு இப்படி நடந்தேன்” என்றாள்.

2017இல் அவளை இருட்டில் நடக்கவிட்டது புயல்.

அன்றைக்கு உறக்கம் வரவில்லை. சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். குழி வெட்டி, துருத்தி வைத்து, பித்தளைப் பாத்திரங்களைக் காய்ச்சி வெள்ளீயம் தடவுவார். எதையும் தூர எறியாத காலம் என்று நான் பெருமையாகச் சொல்லும் காட்சி அது. அந்தக் காட்சியில் அம்மா எங்கே இருந்தாள் என்று முதல்முறையாக யோசித்தேன். பாத்திரமெல்லாம் தெருவில் இருக்க, அடுத்த வீட்டில் ஒரு பானை இரவல் வாங்கி, சோறு வடித்து இறக்கி, அதையே கழுவிக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா பட்டாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் துருத்தியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொருள் சரியாகி வரும்வரை அது இல்லாமல் ஒப்பேற்றுகிறவர் ஒருவர் இருக்கிறார். சிக்கனத்தைப் புகழும்போது நான் அவரைச் சேர்த்ததே இல்லை.

தூர எறிந்தாலும் அந்தப் பாரம் போய்விடாது, ஆள்தான் மாறும். எங்கள் ஊர்க் குப்பை வலம்புரிவிளைக் கிடங்குக்குப் போகிறது. அங்கே தீப்பிடித்து எரிந்தபோது புகையைத் தின்றவர்கள் சுற்றி வீடு வைத்திருந்தவர்கள். அதனால் ரிப்பேர் செய்வது வீண் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு புதுப் பல்பை மாட்டிவிட்டுப் பழையதை எத்தனை நாள் வேண்டுமானாலும் மேஜையில் போட்டு நோண்டியிருக்கலாம். அது தோன்றவே இல்லை. புதுசு வாங்கினால் தோற்றுப்போனதாக ஆகிவிடும் என்று இருந்திருக்கிறது. அம்மாவின் காலை வைத்து என் கௌரவத்தைக் காப்பாற்றியிருக்கிறேன்.

வியாழன் காலை புதுசு வாங்கி மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பழையதை எடுத்து, கடைக்காரர் சொன்னபடி ஒரு சொட்டு ஈயம் வைத்தேன். எரிந்தது. மூடியைப் பசைபோட்டு ஒட்டி, விறகுப்புரையில் மாட்டினேன். அம்மா வாசல்படியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“இது எத்தன நாளு எரியும்?”

“தெரியாதும்மா.”

“எரியட்டும். நீ அந்த வாளிய அங்கேருந்து மாத்தி வை.”