வழக்கொழிந்த சொல்லும் வாழும் மக்களும்

வழக்கொழிந்த சொற்களுக்கு மீண்டும் உயிர்கொடுக்க வேண்டும் என்ற குரல் தமிழுலகில் அவ்வப்போது எழுகிறது. எச்சொல்லுக்கு, யாருக்காக என்று கேட்பார் குறைவு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டுங்கள். நீரில் செல்லும் கலத்துக்கு மட்டும் அம்பி, பஃறி, திமில், வங்கம், புணை என்று எத்தனை பெயர்கள்! பட்டினப்பாலையில் வரும் பஃறி, உப்பை விற்று நெல்லை ஏற்றிவந்த உழைப்பாளரின் படகு. அவ்வாணிகம் மறைந்தது; சொல்லும் உடன் சென்றது. அதனை இன்று மேடையில் முழங்குவது, ஆளில்லா வீட்டுக்கு வெள்ளையடிப்பதை ஒக்கும்.

ஆயின், வாழ்க்கை அழைக்கும்போது பழஞ்சொல் எழுந்துவருவதும் உண்டு. சங்கப் புலவர்க்கு வானத்தில் வெட்டி மறையும் ஒளியாயிருந்த 'மின்', இன்று கூலித் தொழிலாளியின் குடிசையிலும் விளக்கெரிக்கிறது. சூதாடுமிடம் என்ற பொருளில் வள்ளுவர் ஆண்ட 'கழகம்', பல்கலைக்கழகத்தில் ஏறி அமர்ந்துவிட்டது. (வள்ளுவர் கண்டால் என்ன சொல்வாரோ!)

கிழக்கிலங்கையில் களப்பைக் கடக்க உதவும் மிதவையைப் 'பாதை' என்பது மக்கள் வழக்கு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை நம் பகுதியினர் பாதையில்தான் கடந்தனர். பாலம் வந்தது, அச்சொல் மெல்ல ஒதுங்கியது. அதற்காக நாம் வருந்தவில்லை. சொல்லைவிடப் பாலம் பெரிது.

2021 நவம்பர் 23ஆம் நாள், பாலவேலை நடந்துகொண்டிருந்த குறிஞ்சாக்கேணியில் மிதவை ஒன்று கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் மாண்டனர். அதனைச் சிலர் இழுவைப் படகு என்றனர். சிலர் மிதப்புப் பாலம் என்றனர். பெயரே உறுதிப்படாத ஒன்றில் நாம் நம் பிள்ளைகளை ஏற்றி அனுப்பியிருந்தோம்.

பின்னொரு நாள் வகுப்பில் 'புணை' என்ற சொல்லை விளக்க நேர்ந்தது. தெப்பம் என்பது அதன் ஒரு பொருள். பிணை, அதாவது ஒருவருக்காக இன்னொருவர் ஏற்கும் பொறுப்பு, மற்றொரு பொருள். சுமப்பதையும் பொறுப்பேற்பதையும் நம் முன்னோர் ஒரே சொல்லில் வைத்தனர் என்றோம். பின்வாங்கில் இருந்த மாணவன் எழுந்து, "அண்டைக்குப் புணை நிண்டது யார் சேர்?" என்றான்.

நாம் விடை கூறவில்லை. பஃறி அகராதியிலேயே உறங்கட்டும். இந்த ஒரு சொல்லை மட்டும் வெளியே கொணர விரும்புகிறோம். அதுவும் கவிதைக்காக அன்று. மக்களை ஏற்றும் ஒவ்வொரு மிதவைக்கும் வழங்கப்படும் அனுமதித் தாளில் 'புணை' என்று அச்சிட்டு, அதன் எதிரே ஒரு மனிதரின் பெயர் எழுத இடம் விட்டால் போதும்.